பல்லாவரம் சரளைக் குழியில் கிடைத்த ஒரு கல்... பாறை வரைபடம் போட வந்த ராபர்ட் புரூஸ் ஃபூட், ஆதி மனிதனின் தடத்தைப் பிடித்தது எப்படி?

பாவூர்சத்திரத்தில் பஸ் ஏறி தென்காசி பக்கம் போனால், காய்கறி மார்க்கெட்டும் மர மில்களும் பின்னால் போகப் போக, முன்னால் மேற்குத் தொடர்ச்சி மலை எழும்பி நிற்கும். ஜூன் மாதம்னா கேட்கவே வேண்டாம். செங்கோட்டை கணவாய் வழியா வர்ற காத்துல காற்றாலைகள் சுத்திக்கிட்டே இருக்கும், குற்றாலத்தில் சாரல் விழ ஆரம்பிச்சிருக்கும். அந்த மலையைப் பார்க்கிற நம்மில் எத்தனை பேர், அது என்ன கல்லால ஆனதுன்னு யோசிச்சிருப்போம்?

அப்படி யோசிப்பதையே வேலையாகக் கொண்ட ஒருவர், 160 ஆண்டுகளுக்கு முன் இந்தியாவில் இருந்தார். சென்னை பல்லாவரத்தில் தொடங்கி நம்ம திருநெல்வேலி சீமை வரைக்கும் சுற்றி, பாறைகளின் வரைபடத்தை உருவாக்கியவர். இந்தியத் தொல்பழங்கால ஆய்வின் தந்தை என்று இன்று அழைக்கப்படுகிறார். அவர் பெயர் ராபர்ட் புரூஸ் ஃபூட்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அவர் தொல்லியல் படித்துவிட்டு வரவில்லை. அரசு அவரை ஆதி மனிதனைத் தேடச் சொல்லி அனுப்பவும் இல்லை. அவர் ஒரு புவியியலாளர். அப்படியிருக்க, இந்தியாவில் கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதற்கான முதல் உறுதியான சான்று அவர் கண்ணில் பட்டது எப்படி? பதில் அவர் வேலை பார்த்த மண்ணில் இருக்கிறது. விரிவாகப் பார்க்கலாம்.

24 வயதில் மெட்ராஸ்

ஃபூட் பிறந்தது 1834-ம் ஆண்டு செப்டம்பர் 22-ம் தேதி, இங்கிலாந்தின் செல்டன்ஹாம் நகரில். 1858-ம் ஆண்டு டிசம்பர் இறுதியில், இந்திய புவியியல் ஆய்வுத் துறையில் வேலைக்குச் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 24. இன்றைக்கு டிகிரி முடிச்சுட்டு முதல் வேலை தேடுற வயசு.

அந்தத் துறை 1851-ல் தாமஸ் ஓல்டாம் தலைமையில் தொடங்கப்பட்டது. ரயிலுக்கும் கப்பலுக்கும் நிலக்கரி வேண்டும் என்பதுதான் அன்றைய அரசின் முக்கியமான கவலை. நிலக்கரி எங்கே இருக்கும் என்று தெரிய வேண்டுமென்றால், எந்த ஊரில் எந்தப் பாறை, எந்தப் பாறைக்கு மேல் எது என்ற வரைபடம் வேண்டும். அதற்காகத்தான் இந்த இளைஞர்களை ஊர் ஊராக அனுப்பினார்கள்.

மழைக்காலம் போக மீதி மாதங்களில் கூடாரம்தான் வீடு. குதிரையிலும் கால்நடையாகவும் போய், ஓடைக்கரை, கிணற்றுக் குழி, மலைச்சரிவு என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, சுத்தியலால் தட்டி, குறிப்பெழுதி, படத்தில் நிறம் தீட்டுவது. இதுதான் அன்றைய புவியியலாளரின் வாழ்க்கை. ஃபூட் இந்த வாழ்க்கையை ஓய்வு பெறும்வரை 33 ஆண்டுகள் வாழ்ந்தார். சக ஆய்வாளர் வில்லியம் கிங்குடன் சேர்ந்து சேலம், திருச்சி, தஞ்சாவூர், தென்னாற்காடு பகுதிகளின் புவியியலை எழுதினார். அந்த அறிக்கை 1864-ல் வெளியானது.

தமிழ் படித்தவர்களுக்கு இன்னொரு சுவாரஸ்யமான தகவல். ஃபூட்டின் முதல் மனைவி எலிசபெத், பீட்டர் பெர்சிவல் பாதிரியாரின் மகள். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் துணையோடு பைபிளைத் தமிழில் மொழிபெயர்த்த அதே பெர்சிவல்தான். பிறகு சென்னைக்கு வந்து தினவர்த்தமானி இதழை நடத்தியவர், 6,000-க்கும் அதிகமான தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்து 1874-ல் வெளியிட்டவர். மாமனார் பழமொழி சேகரித்தார், மருமகன் கல் சேகரித்தார்னு வெச்சுக்கலாம்.

பாலாறு படுகை என்றால் என்ன?

ஃபூட்டின் கதையில் முக்கியமான இடம், சென்னைக்கு மேற்கிலும் வடமேற்கிலும் விரியும் நிலம். ஸ்ரீபெரும்புதூர், திருவள்ளூர், பூண்டி, சத்தியவேடு என்று இன்றைக்கு கார் தொழிற்சாலைகளும் ஏரிகளும் இருக்கிற பகுதி. புவியியலாளர்கள் இதை பாலாறு படுகை என்கிறார்கள்.

படுகைன்னதும் ஆத்துப் படுகைன்னு நினைச்சுடாதீங்க. இது ஆற்றின் பெயரைக் கொண்ட, பூமியில் விழுந்த ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்தில் கோடிக்கணக்கான ஆண்டுகளாக மண்ணும் மணலும் கூழாங்கல்லும் அடுக்கடுக்காகச் சேர்ந்து இறுகியிருக்கின்றன. பள்ளிப் புத்தகத்தில் படித்த படிவுப் பாறைகள் இவைதான்.

பள்ளம் எப்படி வந்தது? இந்தியா, அண்டார்டிகா, ஆஸ்திரேலியா, ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா எல்லாம் ஒரு காலத்தில் கோண்டுவானா என்ற ஒரே நிலமாக ஒட்டிக்கொண்டிருந்தன. சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியாவின் கிழக்குக் கரை அண்டார்டிகாவிடமிருந்து பிரியத் தொடங்கியது. துணி கிழியும்போது ஓரத்தில் பிசிறு பிசிறாகப் பிரியுமே, அதுபோல கரையோரம் நிலம் பிளந்து பள்ளங்கள் விழுந்தன. காவிரிப் படுகை அப்படி வந்தது. பாலாறு படுகையும் அப்படித்தான்.

பள்ளத்தை நிரப்பிய சரக்கு எங்கிருந்து வந்தது? பக்கத்து மலையிலிருந்து. திருத்தணி தாண்டி திருப்பதி போகும்போது, மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டு ஒரு மலை தெரியும். நகரி மூக்கு என்பார்கள். அந்த நகரி மலைகள் குவார்ட்சைட் என்ற பாறையால் ஆனவை. 100 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு படிந்த மணல், அழுத்தத்தில் இறுகி கண்ணாடி போலக் கெட்டியானால் அதுதான் குவார்ட்சைட். தட்டினால் பொடிப்பொடியாக உதிராது. கூரான விளிம்போடு பிளக்கும். இந்த ஒரு விஷயத்தை மட்டும் மனசுல வெச்சுக்கோங்க. கதையின் சாவி இதுதான்.

பழைய ஆறுகள் இந்த மலைகளை உடைத்து, கற்களை உருட்டி, உருண்டைக் கூழாங்கற்களாக்கி, பள்ளத்தின் ஓரத்தில் கொண்டுவந்து கொட்டின. அவை இறுகி கூழாங்கல் பாறை ஆயின. பூண்டிக்கு அருகே இருக்கும் அல்லிக்குழி மலைகள் அப்படிப்பட்டவை. சிமென்ட் கலவையில் ஜல்லிக்குப் பதில் உருண்டைக் கற்களைப் போட்டது மாதிரி இருக்கும். அதற்குக் கீழ் அடுக்கில், ஸ்ரீபெரும்புதூர் பகுதியில், இலைப் பதிவுகளோடு களிப்பாறைகள் கிடைக்கின்றன. டைனோசர்கள் வாழ்ந்த காலத்துச் செடிகள் அவை.

ஃபூட் இந்தப் படுகையின் வரைபடத்தை உருவாக்கினார். பாலாற்றுக்கு வடக்கே உள்ள மெட்ராஸ், வடாற்காடு பகுதிகளின் புவியியல் பற்றிய அவரது விரிவான அறிக்கை 1873-ல் வெளியானது. அங்கே கிடைத்த செடிப் படிமங்களை ஓட்டோகர் ஃபைஸ்ட்மான்டல் என்ற அறிஞர் 1879-ல் வகைப்படுத்தி வெளியிட்டார். இந்தியாவின் பெரிய நிலக்கரி வயல்கள் எல்லாம் கோண்டுவானா காலத்தின் பழைய அடுக்குகளில் இருக்கின்றன. ஸ்ரீபெரும்புதூரில் இருந்தது அதே குடும்பத்தின் பிந்தைய அடுக்கு. அதனால் நிலக்கரி இல்லை. வேறொன்று இருந்தது.

1863 மே 30: பல்லாவரம்

அந்த நாள் ஃபூட்டுக்கு வயது 28. சென்னைக்குத் தெற்கே பல்லாவரம் அப்போது ராணுவம் தங்கியிருந்த ஊர். அணிவகுப்பு மைதானத்தின் பக்கம், சரளைக்காக வெட்டிய சின்னக் குழி ஒன்று. குழியிலிருந்து தோண்டிப் போட்ட குவியலில் ஒரு கல்லை ஃபூட் பார்த்தார். இரண்டு பக்கமும் செதுக்கப்பட்ட குவார்ட்சைட் கல். உள்ளங்கையில் பிடித்துக்கொள்ளும்படியான கைக்கோடரி.

அந்தக் குழியை அவருக்கு முன்னால் எத்தனையோ பேர் தாண்டிப் போயிருப்பார்கள். தோண்டியவர்களே அந்தக் கல்லைக் கையால் தொட்டிருப்பார்கள். ஃபூட்டுக்கு மட்டும் ஏன் உறைத்தது?

இரண்டு காரணங்கள். முதல் காரணம், அவர் படித்த செய்தி. பிரான்சில் சோம் ஆற்றின் சரளைப் படிவுகளில், அழிந்துபோன விலங்குகளின் எலும்புகளோடு கல் கருவிகள் கிடைப்பதாக பூஷே தெ பெர்த் என்பவர் பல ஆண்டுகளாகச் சொல்லி வந்தார். பலர் நம்பவில்லை. 1859-ல் ஜோசப் பிரெஸ்ட்விச், ஜான் எவான்ஸ் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் நேரில் போய்ப் பார்த்து, அது உண்மைதான் என்று அறிவித்தார்கள். அதே ஆண்டு இறுதியில்தான் டார்வினின் உயிரினங்களின் தோற்றம் நூல் வெளியானது. மனிதனின் வயது சில ஆயிரம் ஆண்டுகள்தான் என்ற நம்பிக்கை ஆட்டம் கண்ட காலம். இந்த விவாதத்தைக் கடல் தாண்டி இங்கே இருந்தபடியே ஃபூட் கவனித்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவது காரணம், அவரது தொழில். பல்லாவரம் மலை என்ன கல் தெரியுமா? நம்ம மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் கிடைக்கிற அதே குடும்பத்துக் கருங்கல். பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில் வெந்து இறுகிய பாறை. பின்னாளில் இதற்கு சார்னோக்கைட் என்று பெயர் வந்தது. கல்கத்தாவில் ஜாப் சார்னோக்கின் கல்லறைக்கு இந்தக் கல்லைப் பயன்படுத்தியிருந்ததால் அந்தப் பெயர். அப்படிப்பட்ட கருங்கல் ஊரில் ஒரு குவார்ட்சைட் கல் கிடக்கிறது என்றால், அது எங்கிருந்தோ வந்திருக்க வேண்டும். ஆறு உருட்டிக்கொண்டு வந்திருந்தால் உருண்டையாக இருக்கும். இதுவோ செதுக்கப்பட்டிருக்கிறது.

ஊருக்குள் புது ஆள் வந்தால் டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறவருக்கு உடனே தெரியுமே, அதுபோலத்தான். ஊர்க்கல் எது, வந்த கல் எதுன்னு தெரிஞ்சவருக்குத்தான் அந்தக் கல் கண்ணில் படும்.

அதிரம்பாக்கம்: கல் கிடைத்த இடத்தின் வேர்

பல்லாவரம் கண்டுபிடிப்பில் ஒரு சிக்கல் இருந்தது. கல் குவியலில் கிடைத்தது. அது எந்த அடுக்கில் இருந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. மேலே கிடந்து குழிக்குள் விழுந்திருக்கலாம் என்று யாராவது கேட்டால், பதில் சொல்வது கஷ்டம். புவியியலாளருக்கு இது பெரிய குறை. அடுக்கு தெரியாத கல்லுக்கு வயது கிடையாது.

ஃபூட் தேடலை நிறுத்தவில்லை. அதே 1863-ம் ஆண்டு செப்டம்பர் 28-ம் தேதி, அவரும் வில்லியம் கிங்கும் அதிரம்பாக்கத்தைக் கண்டார்கள். சென்னையிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் வடமேற்கே, கொசஸ்தலை ஆற்றின் பக்கம், இன்றைய பூண்டி ஏரிக்கு அருகில் இருக்கிறது அந்த ஊர். ஓடைகள் அரித்த நிலத்தில் கைக்கோடரிகள் ஏராளமாகக் கிடந்தன. படிவுக்குள்ளேயே பதிந்திருந்த கருவிகளும் கிடைத்தன.

ஏன் அதிரம்பாக்கத்தில் இவ்வளவு? இங்கேதான் அந்தச் சாவி வேலை செய்கிறது. நகரி மலையின் குவார்ட்சைட், பழைய ஆறுகளில் உருண்டு, படுகையின் ஓரத்தில் கூழாங்கல் பாறையாகி, பிறகு அந்தப் பாறையும் மழையில் கரைந்து, கற்கள் மறுபடி வெளியே வந்தன. அல்லிக்குழி மலையடிவாரத்தில் கைக்கு அடக்கமான, தட்டினால் கூராகப் பிளக்கும் கற்கள் இறைந்து கிடந்தன. பக்கத்திலேயே தண்ணீர். ஆதி மனிதனுக்கு அது ஆயுதக் கிடங்கு. கோடி ஆண்டுகளாக மலையும் ஆறும் சேர்ந்து தயார் செய்து வைத்த கிடங்கு.

ஒரு கல்லுக்கு எத்தனை பயணம் பாருங்க. மணலாகப் பிறந்து, மலையாகி, உடைந்து, உருண்டு, மறுபடி பாறையாகி, மறுபடி உடைந்து, கடைசியில் ஒருவன் கையில் கோடரியாகி, அவன் போட்டுவிட்டுப் போன இடத்தில் மண் மூடி, 1863-ல் ஒரு புவியியலாளர் கண்ணில் பட்டிருக்கிறது.

லண்டன் வரை போன மெட்ராஸ் கோடரி

இந்தக் கண்டுபிடிப்புகளை ஃபூட் 1866-ல் மெட்ராஸ் இலக்கிய, அறிவியல் இதழில் கட்டுரையாக எழுதினார். 1868-ல் லண்டன் புவியியல் கழகத்தின் இதழில், தென்னிந்தியாவில் கல் கருவிகள் எங்கெங்கே கிடைக்கின்றன என்ற கட்டுரை வந்தது. ஐரோப்பாவின் சோம் ஆற்றங்கரைக் கருவிகளும் மெட்ராஸ் கருவிகளும் அமைப்பில் ஒத்திருந்தது அறிஞர்களை நிமிர்ந்து உட்கார வைத்தது. கற்காலம் ஐரோப்பாவின் சொத்து மட்டும் இல்லை என்பது தெளிவானது. இந்தக் கைக்கோடரி மரபுக்குப் பின்னாளில் மெட்ராஸ் மரபு என்றே பெயர் வழங்கியது.

அவர் சொன்னது எல்லாமே சரியா? இல்லை. சென்னையைச் சுற்றியுள்ள செம்பூராங்கல் சரளைப் படிவுகள் கடலுக்கடியில் உருவானவை என்று ஆரம்பத்தில் அவர் நினைத்தார். கடலில் படிந்த சரளைக்குள் மனிதன் செய்த கருவி எப்படி வந்தது என்பதை விளக்க அவர் சிரமப்பட வேண்டியிருந்தது. அந்தக் கருத்து பிற்கால ஆய்வுகளில் நிலைக்கவில்லை. ஆனால் எந்தக் கல், எந்த ஊர், எந்தப் படிவு என்று அவர் எழுதி வைத்த குறிப்பு நிலைத்தது. விளக்கம் தப்பாகலாம், குறிப்பு சரியாக இருந்தால் அடுத்து வருகிறவர் திருத்திக்கொள்வார்.

தக்காணத்திலிருந்து தேரிக்காடு வரை

சென்னையோடு ஃபூட் நின்றுவிடவில்லை. இன்றைய வட கர்நாடகத்தில் கலாட்கி, பீமா என்ற இரண்டு பழைய படிவுப் படுகைகளை ஆராய்ந்து 1876-ல் அறிக்கை வெளியிட்டார். தார்வார் பாறைத் தொகுதியைத் தனியாகப் பிரித்துக் காட்டியவரும் அவர்தான். கோலார், ஹட்டி போன்ற தங்க வயல்கள் இந்த வகைப் பாறைகளில்தான் இருக்கின்றன. பெல்லாரி மாவட்டத்தில் புதிய கற்கால மக்கள் வாழ்ந்த இடங்களைப் பதிவு செய்தார். கர்னூல் பக்கம் பில்லசுர்கம் குகைகளில் நடந்த அகழாய்வில் அவரது மகன் ஹென்றியும் ஈடுபட்டார்.

நம்ம பக்கமும் வந்தார். மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் புவியியல் பற்றிய அவரது அறிக்கை 1883-ல் வெளியானது. அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தில் இன்றைய தென்காசி, தூத்துக்குடி எல்லாம் அடக்கம். இங்கே மலையடிவாரத்தில் பாலாறு படுகை மாதிரி படிவுப் பள்ளம் கிடையாது. பாவூர்சத்திரம், ஆலங்குளம் பக்கம் கிணறு வெட்டினால் கொஞ்ச ஆழத்திலேயே கடினப் பாறை தட்டும், விவசாயிகளைக் கேட்டால் சொல்வார்கள். ஆனால் கிழக்கே கடலை நெருங்க நெருங்க கதை மாறும். சாத்தான்குளம், நாசரேத், குதிரைமொழி பக்கம் சிவப்பு மணல் மேடு மேடாகக் கிடக்கும். தேரிக்காடு. காற்று கொண்டு வந்து குவித்த படிவு அது.

இந்தத் தேரிகளையும் ஃபூட் ஆராய்ந்து எழுதினார். சாயர்புரம் தேரியில் சின்னச் சின்னக் கல் சில்லுகளைச் சேகரித்தார். நுண்கற்காலக் கருவிகள் என்று இன்று நாம் சொல்கிறவை. 1956-ல் சாய்னர், ஆல்ச்சின் என்ற இரண்டு அறிஞர்கள் திருநெல்வேலித் தேரிகளின் நுண்கருவிகள் பற்றி விரிவான ஆய்வை வெளியிட்டார்கள். அதற்கான முதல் புள்ளி ஃபூட் வைத்தது.

ஏற்காட்டில் ஓய்வு, எழும்பூரில் கற்கள்

1891-ல் ஃபூட் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். அதன்பிறகும் சும்மா இருக்கவில்லை. பரோடா, மைசூர் சமஸ்தானங்களுக்குப் புவியியலாளராக வேலை பார்த்தார். ஏற்காட்டில் வீடு. சேகரித்த கற்களும் மண்பாண்டத் துண்டுகளும் அங்கே சேர்ந்துகொண்டே இருந்தன.

1904-ல் அந்தச் சேகரிப்பை மெட்ராஸ் அரசு அருங்காட்சியகம் வாங்கியது. ஒவ்வொரு பொருளும் எங்கே கிடைத்தது என்று வரிசைப்படுத்தி, விளக்கப் பட்டியலை ஃபூட்டே தயார் செய்தார். 1912-ம் ஆண்டு டிசம்பர் 29-ம் தேதி கல்கத்தாவில் அவர் இறந்தார். வயது 78. மெட்ராஸில் வேலைக்குச் சேர்ந்து சரியாக 54 ஆண்டுகள். அந்தப் பட்டியல் 1914-லும், அதன் விளக்கக் குறிப்புகள் 1916-லும் அவர் இறந்த பிறகே அச்சில் வந்தன. ஏற்காடு ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் அவருக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது. கற்கள் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

களிமண்ணுக்குள் காத்திருந்த 15 லட்சம் ஆண்டுகள்

ஃபூட்டின் கதை அவர் இறந்ததோடு முடியவில்லை. முக்கியமான திருப்பம் அதற்கு 100 ஆண்டுகள் கழித்துத்தான் வந்தது.

அதிரம்பாக்கத்தில் சரளை அடுக்குக்குக் கீழே கனமான ஒரு களிமண் அடுக்கு இருக்கிறது. பல பத்தாண்டுகளாக அதைப் பாலாறு படுகையின் பழைய களிப்பாறை என்றே கருதி வந்தார்கள். அதாவது டைனோசர் காலத்து அடுக்கு. அதற்குள் மனிதக் கருவி இருக்க வாய்ப்பே இல்லை. அதனால் தோண்டுகிறவர்கள் களிமண் வந்ததும் நிறுத்திக்கொள்வதில் ஆச்சரியம் இல்லை.

1999 முதல் சென்னை சர்மா பாரம்பரியக் கல்வி மையத்தின் சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் அங்கே அகழாய்வு செய்தார்கள். அவர்கள் களிமண்ணிலும் இறங்கினார்கள். உள்ளே கைக்கோடரிகள் இருந்தன. அது டைனோசர் காலத்துப் பாறையே இல்லை, பழைய ஆறு வெள்ளத்தில் கொண்டுவந்து படிய வைத்த வண்டல் என்பது தெரிந்தது. காட்டெருமை வகை, குதிரை வகை உள்ளிட்ட விலங்குகளின் பற்களும் அங்கே கிடைத்தன. அந்த அடுக்கில் மனித எலும்பு எதுவும் கிடைக்கவில்லை.

2011-ல் சயின்ஸ் இதழில் முடிவு வெளியானது. பூமிக்காந்தப் பதிவின்படி அந்தக் கருவிகள் குறைந்தது 10.7 லட்சம் ஆண்டுகள் பழமையானவை. காஸ்மிக் கதிர் முறையில் கணக்கிட்டபோது சராசரி வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள். இது எவ்வளவு பெரிய எண் தெரியுமா? கீழடியின் வயது சுமார் 2,600 ஆண்டுகள். நம் இனமான ஹோமோ சேப்பியன்ஸின் வயதே சுமார் 3 லட்சம் ஆண்டுகள்தான். அப்படியானால் அதிரம்பாக்கத்தில் கோடரி செய்தது நமக்கு முந்தைய வேறொரு மனித இனம்.

2018-ல் நேச்சர் இதழில் அடுத்த முடிவு வந்தது. அதே ஊரின் மேலடுக்குகளில் சுமார் 3.85 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே கருவி செய்யும் முறை மாறத் தொடங்கியிருந்தது. பெரிய கோடரிகள் குறைந்து, திட்டமிட்டுப் பிளந்த சிறிய கருவிகள் வந்தன. ஆப்பிரிக்காவிலிருந்து நவீன மனிதர்கள் வந்த பிறகுதான் இந்தியாவில் இந்த மாற்றம் வந்தது என்ற கருத்தை இது கேள்விக்குள்ளாக்கியது.

இத்தனைக்கும் அடிப்படை, 1863-ல் இரண்டு இளைஞர்கள் தங்கள் வரைபடத்தில் குறித்து வைத்த ஓர் ஊர்ப் பெயர்.

இன்றைக்கு நமக்கு இதில் என்ன?

ஃபூட் கல்லைக் கண்டது ஒரு சரளைக் குழியில். சரளையை வெட்டியவர்களுக்கு அது ரோடு போடுற சரக்கு. அவர் ஒருநாள் பிந்தி வந்திருந்தால், அந்தக் கல் ஏதோ ஒரு ரோட்டுக்கு அடியில் போயிருக்கும். இன்றைக்குப் பல்லாவரத்தில் அந்தக் குழியைத் தேடினால் வீடுகளும் கடைகளும்தான் இருக்கும்.

அன்றைக்கு மண்வெட்டி. இன்றைக்கு ஜேசிபி. ஒரு வாரம் வெட்டிய குழியை இப்போது ஒரு மணி நேரத்தில் வெட்டி லாரியில் ஏற்றிவிடலாம். கிராவலும் செம்மண்ணும் தமிழ்நாடு முழுக்க அள்ளப்படுகின்றன. லாரியில் போவது வெறும் மண்ணா, அதற்குள் யாராவது விட்டுப்போன தடயமும் சேர்ந்து போகிறதா என்று பார்க்க, குழிக்குப் பக்கத்தில் ஒரு ஃபூட் நிற்பதில்லை. கருவி ஒன்று கிடைத்தால் கூட, அடுக்கு கலைந்துவிட்டால் அதன் வயதை யாராலும் திரும்பச் சொல்ல முடியாது. பல்லாவரம் கல்லுக்கு இருந்த அதே குறை.

வாய்ப்பு கிடைத்தால் பூண்டியில் உள்ள தொல்பழங்கால அருங்காட்சியகத்துக்குப் போய்ப் பாருங்கள். பக்கத்தில் குடியம் குகைகளும் இருக்கின்றன. அல்லிக்குழிக் கூழாங்கல் பாறையிலேயே குடைந்தது மாதிரி அமைந்த இயற்கைக் குகைகள் அவை. கூரையில் பதிந்திருக்கும் உருண்டைக் கற்களை அண்ணாந்து பார்த்தால், கோடரிக்குக் கல் எங்கிருந்து வந்தது என்று யாரும் சொல்லாமலே புரியும்.

அதுவரை, தென்காசி பஸ்ஸில் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறவர்கள் போனை ஒரு நிமிஷம் கீழே வைத்துவிட்டு மலையைப் பாருங்கள். ஊர்க்கல் எது, வந்த கல் எதுன்னு கேட்டுப் பழகுங்க. ஃபூட் செய்ததும் அதைத்தான்.